கச்சூரில் ஐயமிட்டார் யாவர்?

உயிர்கள் தத்தம் இருவினைக்கு ஈடாக இன்ப துன்பங்களை நுகர்தற்கு வாயிலாவன பல. அவற்றுள் அயலார் கையினின்று எதிர்பாராது வரும் உதவியும் ஒன்று. தாய் தந்தையர் உதவுதல் உறவு பற்றியது. நண்பர் உதவுதல் பழக்கம் பற்றியது. அரசு உதவுதல் முறைமை பற்றியது. முன்பின் கண்டறியாதவனும், மீண்டும் காணப்பெறாதவனும், கைம்மாறு செய்தற்கு இடமுங் காலமும் இல்லாதவனுமாகிய ஒரு வழிப்போக்கனுக்கு ஊரிலுள்ளான் ஒருவன் தன் கலத்துச் சோற்றிற் பாதியை எடுத்து வைக்கின்றான். இஃது எது பற்றியது? இவ்வினாவைச் சித்தாந்த நூல்வழி நின்று ஆராய்தலே ஈண்டு யாம் மேற்கொண்ட பொருள்.

இதற்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ, இரக்கம் என்னுங் குணம் பற்றியது என்று விடுத்தல் சாலாதோ எனின், சாலாது. வழிப்போக்கன் பெற்றது அவன்தன் வினைப்பயன் என்பார் ஒரு சாரார். அவ்வாறாயின் இட்டவனுக்குப் பெருமை யாது? இட்டவனது அறமே என்பார் பிறிதொரு சாரார். அவ்வாறாயின் வினை நியமம் என்னாயிற்று? இரண்டுமன்று, எல்லாம் இறைவன் செயலே என்று கூறிக் கண்ணீர் மல்குவாரும் உளர். அவர் கூற்றில் இட்டவனும் இல்லை, பெற்றவனும் இல்லை. இம்மூன்றும் நம் சொற்பொழிவு மேடைகளில் ஒரே நாளில் ஒருவர் வாயினின்றே வெளிப்படுதலும் உண்டு. கேட்பார்க்கு மயக்கம் உண்டாதல் இயல்பே.

அளவை நூலார் எடுத்துக்காட்டின்றி மேற்கோளை நிறுவார். அடியார் வரலாறுகளை ஓதுங்கால், வந்தவன் இறைவன் என்பதை முன்னரே அறிந்து கொண்டு ஓதுகின்றோமாதலின், அயலான் என்பான் யாவன் என்னும் ஐயமே நமக்கு எழுவதில்லை. அதுபற்றி நம் காலத்தை அடுத்ததும், பிற நாட்டில் பிற சமயத்தாரிடை நிகழ்ந்ததுமாகிய ஒன்றை முதற்கண் எடுத்துக்கொண்டு, பின்னர் நம் புராணத்துட் புகுவாம்.

அயர்லாந்து தேசத்து லிஸ்மோர் என்னும் சிற்றூரில் 1931-ஆம் ஆண்டு பிறந்தவர் தெர்வ்லா மர்பி என்னும் அம்மையார். பத்தாண்டு நிறைந்த நாளில் அவர்க்குப் பரிசாகக் கிடைத்தவை ஓர் ஈருருளி வண்டியும் ஒரு தேசப்படச் சுவடியும் ஆம். சைக்கிள் என உலகம் வழங்கும் அவ்வண்டியிலேறிச் சில நாளில் ஒரு குன்றின்மேற் செல்லுங்கால், இங்ஙனமே மிதித்துக் கொண்டு போயின் ஒருநாள் இந்தியாவை அடைதல் கூடுமே என்று அச்சிறுமி எண்ணினார். எண்ணியது எளிது, முடித்தற்கு இருபதாண்டின் மேலும் சென்றது. நோயாற் கைகால் முடங்கிய தாய்க்குப் பணிவிடை செய்தற்பொருட்டுப் பதினான்கு வயதிற் பள்ளியை விடுத்தவர், 1962-இல் அன்னையார் இறக்குங்காறும் அக்கடனை நீங்கவில்லை. இதனை ஈண்டு விதந்து கூறுதற்குக் காரணம், அவர் கடமைக்கு ஒளித்து ஊர் சுற்றப் புறப்பட்டாரல்லர் என்பது தோன்றற்கே.

1963-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ஐரோப்பா முழுதும் பனியால் உறைந்து கிடந்த கொடுங்குளிரில், தமியராய் அவர் புறப்பட்டார். சாலைகளின் கேட்டை எண்ணி, வண்டியின் விசை மாற்றும் உறுப்பைக் கழற்றிவிட்டார். பிரான்சு, இத்தாலி, யுகோசுலாவியா, பல்கேரியா, துருக்கி, பாரசீகம், ஆப்கானித்தானம், பாக்கித்தானம் ஆகிய நாடுகளைக் கடந்து அவ்வாண்டு சூலைத் திங்களில் தில்லி மாநகரை அடைந்தார். இச்செலவின் வரலாற்றை 1965-இல் நூலாக வெளியிட்டார். அதன் பின்னர்ப் பல தேசங்களுக்கும் சென்று நூல்கள் பல எழுதி, 2022-இல் மறைந்தார்.

அந்நூலுள் எம் கருத்தை ஈர்த்தது மலையும் பாலையும் அன்று. ஒவ்வொரு நாளும் ஞாயிறு படும் வேளையில் அவர் யார் வீட்டு வாயிலில் நின்றார், யார் அவர்க்குப் படுக்க இடந்தந்தார் என்பதே. குடியானவர் மனைகளிலும், காவலர் கூடங்களிலும், ஆப்கானித்தானத்துத் தேநீர்க்கடைகளின் மண் தரையிலும் அவர் உறங்கினார். மொழி அறியார், அவர்தம் சமயத்தார் அல்லர், பெண் ஒருத்தி தனியே இவ்வாறு வருதல் அந்நாட்டார் கண்டறியாத காட்சி. எனினும் ரொட்டியும் தேநீரும் வந்தன; போர்வையும் வந்தது. தீங்கே நேரவில்லை என்று கூறுதல் உண்மையாகாது. யுகோசுலாவியக் காட்டில் ஓநாய்கள் பாய்ந்தன. துருக்கியில் ஓரிரவு உறங்கும் அறையினுள் ஒருவன் தீய எண்ணத்தோடு புக, கைத்துப்பாக்கியை முகட்டை நோக்கிச் சுட்டு அவனை ஓட்ட நேர்ந்தது. ஆப்கானித்தானத்தில் ஒரு பேருந்தினுள் எழுந்த பூசலில் துப்பாக்கிக் கட்டையின் அடி தவறி இவர்மேற் பட்டு விலாவென்பு முறிந்தது. ஆயினும் அந்நாட்டு மக்கள்பால் அவர் வைத்த அன்பு குறைந்திலது. அவர்தம் விருந்தோம்பலை நன்றியோடு எழுதியுள்ளார். ஒருவன் அடித்தான் என்பதற்காக இட்டவர் நூற்றுவரை மறவாத உள்ளம், செலவு மேற்கொள்வார்க்கு இன்றியமையாதது.

இவர்க்கு எண்பதாண்டின் முன்னரே இவ்வழியைக் காட்டியவர் தாமசு ஸ்டீவன்ஸ் என்பவர். முன்னே ஐம்பது அங்குல விட்டமுள்ள பெருஞ்சக்கரமும் பின்னே சிறு சக்கரமுமாக அமைந்த பழைய வகை வண்டியில், 1884-ஆம் ஆண்டு ஏப்பிரலில் அமெரிக்காவின் மேலைக்கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோவினின்று புறப்பட்டு, 1886 திசம்பரில் சப்பானின் யோக்கோகாமாவை அடைந்தார். ஈருருளியில் உலகு சூழ்ந்தார் என்று பெயர்பெற்றவர் இவரே முதல்வர். இடையே நம் நாட்டுப் பெருவழியில் இலாகூரினின்று கல்கத்தா வரையும் ஊர்ந்து சென்றார். துருக்கியிற் சென்ற ஊர்தோறும் மக்கள் சூழ்ந்து நின்று, ஏறிக் காட்டுக என்று ஓயாது வற்புறுத்தினர். அவர்களே அவர்க்கு உணவும் உறையுளும் அளித்தனர். சீன தேசத்து ஓரூரில் ஒரு பெருங்கூட்டம் கல்லெறிந்து துரத்தியபோது, அவ்வூர் அதிகாரிகளே தம் மனையகத்து அவரை மறைத்துக் காத்துப் படகேற்றி அனுப்பினர். ஒரே ஊரில், ஒரே நாழிகையில், கல்லும் வந்தது, காப்பும் வந்தது.

ஈருருளிச் செலவில் இவ்வகை உதவி இத்துணை மிகுதியாக நிகழ்தற்கு ஏது யாது? புகைவண்டியிற் செல்வான் ஊரைக் காண்கின்றான். ஊரார் அவனைக் காண்பதில்லை. மோட்டார் வண்டியிற் செல்வானுக்குத் தன் வீட்டுச் சுவரே உடன் வருகின்றது. ஈருருளியில் வருபவன் வெயிலையும் மழையையும் ஊராரோடு ஒப்ப நுகர்கின்றான். அவன் வியர்வையை யாவரும் காண்கின்றனர். சோறும் நீரும் ஒரு நாளைக்கு மேற் சுமக்க இயலாது. எதிர்காற்றும் ஏற்றமும் அவன் குறித்த கணக்கை அழித்துவிடும். ஆதலின் பொழுது சாயுங்கால், தான் எண்ணாத ஓர் ஊரில் நிற்பான். கூட்டமாய் வருவாரைக் கண்டு ஊர் அஞ்சும்; தமியனைக் கண்டு அஞ்சாது. அவனோ ஊரைக் கண்டு அஞ்சியும், அவ்வூரையே நம்பியும் நிற்கவேண்டியவனாகின்றான். என் பொருள், என் துணை, என் ஏற்பாடு என்று ஆணவம் கைப்பற்றி நிற்கும் ஊன்றுகோல்கள் பலவும் அம்மாலைப் பொழுதில் அவன் கையினின்று நழுவுகின்றன. இக்காலத்துச் செல்வார் கையில் வழிகாட்டும் கருவி உளது. ஆயினும் எத்திண்ணையில் இடங் கிடைக்கும் என்பதை அக்கருவி கூறவல்லதன்று.

துருக்கி நாட்டாரிடை ஒரு வழக்கு உண்டு. முன்னறிவிப்பின்றி வாயிலில் வந்து நிற்கும் அயலானை அவர்கள் ‘தான்ரி மிசாபிரி’ என்பர். கடவுளின் விருந்தாளி என்பது அதன் பொருள். பழைய நாளில் அனதோலியச் சிற்றூர்களில் இத்தகையார்க்கென்றே ஊர்ப்பொதுவில் அறைகள் இருந்தன. ஆப்கானியருள் பசுத்தூன் குலத்தார், வந்தவன் யாவனாயினும் கைம்மாறு கருதாது ஓம்புதலை ‘மெல்மஸ்தியா’ என்று பெயரிட்டுத் தம் குலவொழுக்கமாகக் கொண்டுள்ளனர். கடவுளின் விருந்தாளி என்னும் சொல்லை நம் நாட்டார் செவிமடுத்தல் நலம். வந்தவன் கடவுள் என்று அவர் கூறவில்லை. கடவுள் அனுப்பியவன் என்கின்றனர். நம் நூல் கூறுவதற்கு இஃது எத்துணை அணுக்கமானது என்பது மேலே விளங்கும்.

இனி வினாவுக்கு வருவாம். அம்மையார்க்குக் கிட்டிய சோறும் துயிலிடமும் அவர்தம் பிராரத்தமே. இட்டவன் கருவி மாத்திரையே. கருவிக்குப் புகழ் யாது எனின், கூறுதும். கருவி இருவகைத்து. சோற்றை முகந்து இடும் அகப்பை ஒரு கருவி, அஃது அசித்து. அகப்பையைப் பிடித்த கையையுடையானும் ஒரு கருவி எனின், அவன் சித்து. இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் அவனுக்கு உள. இடுதலும் இடாமையும் அவன்பாலன. வழிப்போக்கனுக்கு இன்று உணவு உண்டு என்பது வினை நியதியாயின், அது வந்தே தீரும். எவ்வாயிலால் வரும் என்பதில் வாயிற்கு உடையவனது இசைவும் கலந்துள்ளது. ஒருவன் கதவை அடைத்தால் அவ்வுணவு அடுத்த கதவின் வழியே வரும்; வந்தவன் இழந்தது ஒன்றுமில்லை. அடைத்தானுக்கோ அடைத்தல் ஆகாமியமாய் ஏறிவிட்டது. திறந்தானுக்குத் திறத்தல் ஏறிற்று. பெற்றவனது பழவினைப் பயனும், இட்டவனது புதுவினையும் ஒரே கலத்துச் சோற்றில் நிகழ்கின்றன. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குதலாலேயே, வினை உண்டெனின் அறம் இல்லை என்னும் வழக்கு எழுந்தது.

அற்றேல் இறைவன் செயல் எங்கே எனின், அதற்கும் ஆசிரியர்கள் விடை வகுத்துள்ளார்கள். வினை சடமாதலின் தானே சென்று பயனூட்டாது. உயிர் சிற்றறிவினதாதலின் தனக்குரிய பயனைத் தானே தேர்ந்து எடாது. காபூல் பெருவழியில் ஒரு கிழவன் தேநீர் காய்ச்சுகின்றான். அயர்லாந்தில் ஒரு பெண் வண்டி மிதிக்கத் தொடங்குகின்றாள். இவ்விருவரும் ஒரு மாலைப்பொழுதில் ஒரு கூரையின் கீழ்ச் சேருமாறு கூட்டுபவன் யாவன்? கிழவன் அறியான், பெண் அறியாள். கூட்டுவிப்பான் ஒருவன் வேண்டும். அவன் கிழவனை அகப்பையாக்கிக் கூட்டுபவனல்லன். கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு; கதிரொளியின்றி அது காணாது; கண்டபோது கண்டது கண்ணே. அதுபோலக் கிழவனது இரக்கம் கிழவனுடையதே. அவ்விரக்கம் விளங்கித் தொழிற்படுதற்கு ஏதுவாய் அவனோடு உடனாய் நின்றது திருவருள். ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்றல் என்று நாம் நாடோறும் ஓதுகின்ற நிலை இதுவே. ஓதுமிடம் மடத்துத் திண்ணையாயினும், நிகழுமிடம் தேநீர்க்கடையாதலும் கூடும்.

அத்திருவருள் தன்னை ஏன் காட்டிக்கொள்ளவில்லை எனின், மறைத்து நிற்றலும் அருளின் தொழிலே. அதனையே திரோதானம் என்பர். அப்பர் சுவாமிகள் பசியும் நீர்வேட்கையும் மேலிட்டு நடந்து வரும் வழியில், சோலையும் குளமும் ஆக்கி, பொதிசோற்றோடு அந்தணராய் அமர்ந்திருந்த பெருமான், சோற்றை அளித்து, எங்குச் செல்கின்றீர் என வினவி, யாமும் அவ்வூர்க்கே செல்கின்றோம் என்று உடன் நடந்து, திருப்பைஞ்ஞீலியை அணுகியபோதே மறைந்தருளினார். உண்ணும்போது சுவாமிகள் அறிந்திலர். அறிந்திருப்பின் உண்டிருப்பரோ? அடியில் வீழ்ந்திருப்பர், சோறு ஆறியிருக்கும். பசித்தவன் உண்ணும்பொருட்டே பெருமான் தம்மை மறைத்தனர் போலும். சோற்றுடை ஈசுவரர் என்னும் திருப்பெயர் இன்றும் அத்தலத்தில் வழங்குகின்றது.

இனி, இட்டவனது செயல் பசுபுண்ணியமோ சிவபுண்ணியமோ என்பது இதனினும் நுட்பமானது. சிவனை நோக்கிச் செய்யாதன யாவும் பசுபுண்ணியம். அவை போகத்தைத் தந்து கழியும். முத்திக்கு ஏதுவாகா என்று துணிந்து, அயர்லாந்துப் பெண்ணுக்கு ஆப்கானியன் இட்ட சோற்றை அவ்வகையுள் அடக்கி விடுவார் நம்முட் பலர். அவர்களைத் திருக்கச்சூர்க்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றோம்.

சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்துள்ளது திருக்கச்சூர். நம்பியாரூரர் ஆங்கு வழிபட்டுத் திருமதிற் புறத்தே தங்கினார். அமுது சமைக்கும் பரிசனம் வந்திலர், நண்பகலாயிற்று, பசி மிக்கது. அந்நிலையில் வேதியர் ஒருவர் கையில் ஓடேந்தி வந்து, நீர் பசியால் வருந்துகின்றீர், இங்கேயே இரும், யாம் சோறு இரந்து கொணர்வோம் என்று கூறி, உச்சி வெயிலில் அடி கொப்புளிக்க, அவ்வூர் மனைகள்தோறும் சென்று சோறும் கறியும் இரந்து கொணர்ந்து இட்டு, உண்ணச் செய்து மறைந்தார். இதுகொண்டே அத்தலத்து இறைவர் விருந்திட்ட ஈசுவரர் எனப் பெயர்பெற்றனர்.

இவ்வரலாற்றை விரித்துரைப்பார் யாவரும் இரந்தவரைப் பற்றியும், உண்டவரைப் பற்றியுமே கூறுவர். இட்டவரைப் பற்றி யாரும் கூறக் கேட்டிலோம். அவ்வூர் மனைகளில் அன்று நண்பகல் ஓட்டினுள் ஒரு கைப்பிடி சோறு இட்டவர்கள் யாவர்? அவர் பெயரை எவரும் அறியார். வந்தவர் சிவபெருமான் என்பதை அவர்கள் அறியார். அச்சோறு செல்லுமிடம் தம்பிரான் தோழர் திருவாய் என்பதையும் அறியார். வெயிலில் வந்து நிற்கும் ஓர் அயலார், பசி என்கின்றார், இட்டார்கள். அவ்வளவே. ஒருவர் சோறு இட்டிருப்பார். ஒருவர் கறி இட்டிருப்பார். அடுப்பு வேலைக்கிடையே முகம் நோக்காமலே இட்டவரும் இருந்திருத்தல் கூடும். அவ்விருந்து யாருடைய விருந்து? பெருமான் இட்டதே என்னின், அவர் கையில் ஓடு அன்றி வேறில்லை. கச்சூரார் இட்டதே என்னின், அவர்கள் ஆரூரரைக் கண்டதேயில்லை. இவ்விரு கையும் கூடியே அது விருந்தாயிற்று. அச்செயல் சிவபுண்ணியம் அன்று என்று கூற யாருக்கு நா எழும்?

அங்கு ஏற்றவர் உண்மையிலேயே சிவபெருமான். தேநீர்க்கடையில் ஏற்றவரோ ஒரு பெண். இரண்டும் ஒக்குமோ என வினவுவர். கச்சூரார் செயலைச் சிவபுண்ணியமாக்கியது அவர்தம் அறிவன்று. பெருமான் ஆங்கு நின்றமையே. பெருமான் நில்லாத இடம் ஒன்று உண்டு என்று நம் சமயத்தார் கூறார். அங்ஙனமாயின் எல்லாக் கொடையும் சிவபுண்ணியமாய்விடும். ஆசிரியர்கள் வகுத்த பாகுபாடு என்னாம் என்று மீட்டும் வினவுவர். இது வலிய தடையே. எமக்குத் தோன்றுவது இது: பாகுபாடு நிற்குமிடம் ஏற்பவன்பால் அன்று, இடுபவன்பால். புகழ் கருதியும், கைம்மாறு கருதியும், துறக்கம் கருதியும் இடுமிடத்து, அக்கொடையின் நடுவே நான் என்பது அமர்ந்திருக்கின்றது. சென்று பற்றுதற்கு ஒரு பயனும் முன்னே நிற்கின்றது. அது பசுபுண்ணியம். பெயரறியாத தமியனுக்கு, பொழுது சாய்ந்தபின், காண்பார் ஒருவருமில்லாத இடத்தில் இடுங்கால், அந்த நான் என்பது அமர்தற்கு இடம் மிகச் சிறிது. ஆங்குச் செய்பவன் அறியாமலே இறைவனுக்கு இடம் விடப்படுகின்றது. இதனை அபுத்திபூர்வமாகிய சிவபுண்ணியம் என்று கொள்ளுதல் இழுக்காகாது. திருமறைக்காட்டுத் திருவிளக்கில் நெய்யுண்ண வந்த எலி, மூக்குச் சுடத் திரியைத் தூண்டியதே. அதற்கு மாவலியின் பிறப்பை அளித்தனர் பெருமான் என்கின்றோம். எலி நாடியது நெய். விளக்கின்மேல் அதற்கு அன்பு இருந்ததில்லை. அயலான் பசியைக் கண்டு உருகியவனுக்கு, எலிக்குக் கொடுத்த உரிமையையேனும் கொடுத்தல் ஆகாதோ?

இதனை அறிஞர் எல்லாரும் உடன்படுவர் என்று யாம் கருதவில்லை. உண்மைச் சிவபுண்ணியம் என்று அதனை யாம் கூறவுமில்லை. தீக்கை பெற்று, அறிந்து, சிவனை நோக்கிச் செய்வது வேறு. அதனை அடைதற்கு உயிர்க்கு நேரும் முற்படிகளுள் இஃது ஒன்று என்பதே எம் துணிபு. பிற சமயத்தார் ஒருவர் இப்படியில் நிற்றல் கூடுமோ, புறம் அகம் என்னும் வகுப்பினுள் அவர் எங்கு வைத்து எண்ணப்படுவர் என்னும் ஆராய்ச்சி ஈண்டு வேண்டா. சோறிட்ட கையை வகுப்பில் அடைத்தற்கு யாம் விரைகின்றோமில்லை.

பெற்றவன் நிலையும் சிறிது கூறத்தக்கது. ஆரூரர் கச்சூரில் உண்ட பின்னர்ப் பதிகம் பாடினார். தம் பசி தணிந்த மகிழ்ச்சியினும், பெருமான் இரக்கப் புகுந்ததே என்னும் நோவே அவர் உள்ளத்து மேலெழுந்து நின்றது. உண்டவன் உள்ளம் சோற்றினின்று நீங்கி இட்டவர் வருத்தத்திற் சென்று படிதல், திருவருள் ஆங்கு வேலை செய்தமைக்கு அடையாளம். மர்பி அம்மையார் தில்லியை அடைந்த பின், ஊர் திரும்ப விரையாமல், தர்மசாலையில் திபேத்தினின்று அடைக்கலம் புகுந்த குழந்தைகளின் இல்லத்திற் சென்று பணி செய்தார். ஆப்கானியர்க்குப் பட்ட கடனை ஆப்கானியர்க்கே திருப்புதற்கு வழியில்லை. அவர்கள் எதிர்பார்த்ததும் இல்லை. அது திபேத்துக் குழந்தைகளிடம் சென்று சேர்ந்தது. கணக்கன் எழுதும் ஏட்டில் இத்தகைய வரவு செலவு ஒவ்வாது. திருவருளின் ஏட்டில் ஒத்திருக்கக்கூடும்.

இத்துணையும் பிறநாட்டைப் பற்றிக் கூறினோம். நம் திருமடங்களைப் பற்றியும் கூறாது விடுத்தல் முறையன்று. வடமொழியில் அதிதி என்னும் சொல், திதி குறியாது வருபவன் என்னும் பொருட்டு. தமிழில் விருந்து என்பது புதுமை. உறவினர் சுற்றமாவரன்றி விருந்தாகார். சென்ற ஆண்டு மார்கழியில், காசியினின்று இராமேச்சுரத்துக்குத் தமியராய் ஈருருளியிற் செல்லும் வடநாட்டு இளைஞர் ஒருவர், சோழநாட்டில் ஒரு திருமடத்து வாயிலில் விளக்கு வைக்கும் வேளையில் வந்து நின்றனர். காவலர் ஊரும் குலமும் வினவி, எவரிடம் கடிதம் கொணர்ந்தீர் என்றும் கேட்டு, முன்கூட்டி எழுதியிருத்தல் வேண்டும் என்று கூறி விடுத்தனர். திதி குறித்து வருக என்று அதிதிக்குக் கட்டளையிட்டது அது! எதிர்ச்சாரியில் இளநீர் விற்பவர் ஒருவர் அவ்விளைஞரை அழைத்துச் சென்று, தம் குடிசைத் திண்ணையில் இடந்தந்து, கஞ்சியும் துவையலும் இட்டனர். மறுநாட் காலை ஆங்குச் சென்ற யாம் இதனைக் கேள்வியுற்று அவ்விளநீர்க்காரரை வினவ, “ஒத்தையா நின்னுது சாமி அந்தப் புள்ள. பொழுதுதான் போயிடுச்சே, எங்க போவும்?” என்றனர். மேலே யாம் ஏட்டிற் கண்டு விரித்த தடைவிடைகள் யாவும் அவர்க்கு வேண்டியிருந்தில.

அம்மடத்தில் அறம் இல்லை என்று யாம் கூறவில்லை. குருபூசை நாளில் அங்கே பந்தி பந்தியாக இலை விழுகின்றது. மாகேசுர பூசை குறைவற நடைபெறுகின்றது. அங்ஙனம் உண்பவர் யாவர் என்பது இடுபவர்க்குத் தெரியும். தெரிந்தார்க்கு இடுதற்கு ஏற்பாடு உள்ளது. தெரியாதார்க்கு ஏற்பாடு இல்லை. காவலரைக் குறை கூறுதலும் தக்கதன்று. களவும் வஞ்சனையும் மலிந்த காலம். அவர்க்கு இடப்பட்ட கட்டளை அது. அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதையும் உடன்படுகின்றோம். ஆயினும் திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தர் வைத்தபோது, வருவார் போவாரை ஊர் கேட்டு நீர் வார்த்தாரல்லர். அவ்வாறு வார்த்தமையாலேயே, அரசு ஒருநாள் யாரோ ஒரு வழிப்போக்கராய் அப்பந்தரின்கண் வந்து நிற்றல் இயன்றது.

முன்னாளில் இதற்கு ஏற்பாடு இருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் இராமேச்சுரப் பெருவழியிற் சத்திரங்கள் பல நிறுவினர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி மன்னர் 1802-இல் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. அம்மன்னர் 1801-இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்களில் நிகழும் அறத்தை விரித்துள்ளார். அந்தணர் முதலாகக் கடைப்பட்டவர் எனப்பட்டார் ஈறாக வழிச்செல்வார் யாவர்க்கும் சோறு. சமைத்தது வேண்டாதார்க்கு அரிசியும் பண்டங்களும். நடக்கமாட்டாத நோயாளர்க்கு நலமாகுங்காறும் உணவும் மருத்துவமும். இவற்றினும் எம் உள்ளத்தைக் கவர்ந்தது ஒன்று உளது. நள்ளிரவில் மணி அடிக்கப்படும். அதுகாறும் வந்து உண்ணாதார் எவரேனும் உளரேல் வந்து உண்க என்று அழைக்கப்படுவர். வருபவன் நேரந்தாழ்த்தும் வரக்கூடும், வாயிலறியாது இருளில் நிற்கக்கூடும் என்பதை எண்ணிய உள்ளம் அம்மணியை அமைத்தது. அச்சத்திரங்களில் அவ்வகை அறம் இன்று இல்லை; வழிச்செல்வாரோ குறைந்திலர். வடநாட்டினின்று நடந்தும் ஈருருளியேறியும் இராமேச்சுரம் வருவாரை இன்றும் காண்கின்றோம்.

திருமடந்தோறும் வாயிலை அடுத்துத் தனியே ஓர் அறை. உள்வாயிலுக்குத் தொடர்பில்லாததாயின் அச்சத்துக்கும் இடமின்று. நாடோறும் இரவு அமுதில் ஒருவர்க்குரிய பங்கைப் பெயர் குறியாது எடுத்துவைத்தல். எவரும் வாராத இரவில் அதனைப் பசுவுக்கு இடலாம். ஊரும் பெயரும் கேட்டு எழுதிக்கொள்ளுதல் அவர் உண்டபின் ஆகுக. இவற்றுக்கு ஆகும் பொருள் ஒரு குருபூசைப் பந்தலின் செலவிற் சிறு கூறும் ஆகாது. மடாலயத் தலைவர்களும் கட்டளைத் தம்பிரான்களும் இதனைத் திருவுளங்கொண்டு, வரும் மார்கழிக்குள் ஓரிடத்தேனும் தொடங்குவரேல், இராமேச்சுரம் செல்லும் வழியிலுள்ள மடமே அதற்கு முதலில் ஏற்றது என்பது எம் விண்ணப்பம்.

திருச்சிற்றம்பலம்.